பெட்டிக்காரர் இல்லாத ஒத்திகை

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எனக்கு ஊர், பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். திருச்சூரில் நாடகம் படித்துவிட்டு இப்போது ஊரிலேயே பதினோரு பேரைச் சேர்த்து ஒரு குழு வைத்திருக்கிறேன். வயது 26. எனக்கு ஒரே ஒரு ஆசைதான். தமிழில் புதிதாக இசை நாடகம் செய்ய வேண்டும். பழையதைத் தூசி தட்டி எடுப்பது இல்லை. புதுக் கதை, புதுப் பாட்டு, புது மெட்டு.

போன மாசியில் ஒரு கோயில் நோம்பிக்கு முதல் நாடகத்தைப் போட்டோம். ஆனைமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி கல்யாணமாகி நம் பக்கம் வருகிறாள். அவள் அப்பா மணக்கடவுத் தடுப்பணையில் தண்ணீர் அளவு பார்க்கிறவர். புருஷன் பாலக்காட்டுச் சித்தூரில் நெல் போடுகிறவன். தண்ணீர் வராத வருஷம் வீட்டுக்குள் சண்டை வருகிறது. மொத்தம் ஐந்து பாட்டு. கோவையில் இருக்கும் நண்பர் மெட்டுப் போட்டு, பின்னணி இசையோடு வாட்ஸப்பில் அனுப்பினார். அந்த டிராக்கை ஓடவிட்டு நடிகர்கள் பாடினார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில், டிராக் ஓடிக்கொண்டிருந்த போனுக்கு என் அத்தையிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. ரிங்டோன் ஊர் முழுக்கக் கேட்டது. பாடிக்கொண்டிருந்த பெண் நிறுத்தாமல் பாடினாள். டிராக் திரும்ப வந்தபோது அது ஒரு இடத்தில், இவள் ஒரு இடத்தில்.

அதைக்கூட மறந்துவிடலாம். முடிந்ததும் ஒரு பாட்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. ஆனா அந்தப் புள்ள எதுக்குப் பாடுச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மூத்த நாடகக்காரர் ஒருவரிடம் போனேன். "வள்ளி திருமணம் போடு, இல்லைன்னா சினிமாவுக்குப் போ. நடுவுல ஒண்ணும் கிடையாது" என்றார். நியூயார்க்கில் ஒரு புது இசை நாடகத்தைப் பட்டறை வைத்து வருஷக்கணக்கில் வளர்க்கிறார்கள் என்று படிக்கிறேன். நமக்கு அதற்கு வழி உண்டா? டிராக் வைத்தது தப்பா? என் நடிகர்களில் பாதிப் பேர் தமிழ் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதி வைத்துத்தான் படிக்கிறார்கள். இதைத் தமிழ் நாடகம் என்று சொல்லிக்கொள்ளலாமா? பிரதியையும் பாட்டுகளையும் இணைத்திருக்கிறேன்.

பெயர் போட வேண்டாம் ஐயா. அத்தை படிப்பார்.

*

அன்புள்ள அம்மணிக்கு,

முதலில் அத்தையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். டிராக் நின்று போன அந்த அரை நிமிஷம் கூட்டம் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நான் அங்கே இல்லை, ஆனாலும் பந்தயம் கட்டுவேன். அதுவரை கடலை தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். துணைக்கு ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு பெண் தனியாகப் பாடுகிறாள், விழுந்துவிடுவாளா நிற்பாளா என்று ஊரே பார்க்கிறது. உங்கள் நாடகத்தில் நாடகம் நடந்தது அப்போதுதான்.

டிராக் தப்பா என்று கேட்டால், ஆமாம், தப்பு. பணம் மிச்சம், எனக்கும் புரிகிறது. ஆனால் டிராக்குக்கு நடிகரைத் தெரியாது. அவள் ஒரு வார்த்தையில் கொஞ்சம் நின்று புருஷன் முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தால் அது நிற்காது. நாலு கூட்டத்தில் நாலு விதமாகப் பாட முடியாது. மேடையில் இருப்பவர்களிலேயே முந்தாநாள் கோவையில் வேலையை முடித்துவிட்டுப் போனது அது ஒன்றுதான்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்குத் தெற்கேயிருந்து ஸ்பெஷல் நாடகக்காரர்கள் வந்தார்கள். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர். அன்று சாயங்காலம்தான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், ஒத்திகை என்ற பேச்சே இல்லை. அந்த ராத்திரியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனவர் மேடை ஓரத்தில் கால்பெட்டிக்கு, அதாவது காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்துக்கு, முன்னால் உட்கார்ந்திருந்த பெட்டிக்காரர். நான் அவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தேன். அவர் கண் ஆர்மோனியத்தின் மேல் இல்லை. பாடுகிறவரின் தொண்டைக்குழி மேல் இருந்தது. ராஜபார்ட்டுக்கு அன்று சளி. இரண்டாவது பாட்டிலேயே மேலே போகத் திணறினார். பெட்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து வந்த விருத்தத்தில், தாளமில்லாமல் பாடும் இடத்தில், நாலு கட்டையிலிருந்து மூன்று கட்டைக்கு இறங்கி அவரை அங்கே நிறுத்திவிட்டார். (ஆர்மோனியத்தில் விரல் வைக்கிற ஒவ்வொன்றும் ஒரு கட்டை. எந்தக் கட்டையை 'ஸ'வாக வைத்துப் பாடுகிறோமோ அதுதான் சுருதி.) முன்வரிசையில் இருந்த யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்த எனக்கே விரல் இடம் மாறியதால்தான் தெரிந்தது. விடியற்காலையில் ஸ்திரீபார்ட்டுக்கு ஒரு அடி மறந்து போனது. முந்தைய அடியையே மூன்று தடவை சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தார், அந்த அம்மாவுக்கு ஞாபகம் வரும் வரைக்கும். கூட்டம் அதை அழகு என்று நினைத்துக் கை தட்டியது.

உங்கள் ஒத்திகையில் அப்படி ஒரு ஆள் இல்லை. மெட்டுப் போட்டவர் கோவையில், பாட்டு போனில், நீங்கள் ஊரில். பாட்டு பிறந்த இடத்தில் நடிகர் இல்லை, நடிகர் நிற்கிற இடத்தில் பாட்டுக்காரர் இல்லை.

இனி அந்தப் பாட்டியின் கேள்வி. நாடகம் படித்தவர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. இது பழைய கேள்வியும்கூட. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ் நாடகக் கம்பெனிகள் கேரளத்துக்குப் போய் ஆடின. அதைப் பார்த்து மலையாளத்திலும் சங்கீத நாடகங்கள் கிளம்பின. எதற்கெடுத்தாலும் பாட்டு. 1890களிலேயே முன்ஷி ராமக்குறுப்பு என்பவர் பொறுக்க முடியாமல் 'சக்கீசங்கரம்' என்று ஒரு கேலி நாடகமே எழுதிவிட்டார். அப்புறம் 1952இல் கேரளத்து இடதுசாரி நாடகக் குழுவான கே.பி.ஏ.சி. போட்ட 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' வந்தது. ஓ.என்.வி. எழுதி தேவராஜன் மெட்டமைத்த அதன் பாட்டுகளை, அந்த நாடகத்தைப் பார்க்காத உங்கள் தலைமுறைகூடப் பாடுகிறது. பாட்டுக்கு அது பெருமை. ஆனால் நாடகத்தை விட்டுத் தனியாக இவ்வளவு சுகமாக வாழ்கிற பாட்டைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். நீங்கள் செய்ய வேண்டியது அது இல்லை.

பழைய நாடகத்தில் உங்களுக்கு வேண்டியது வேறொரு இடத்தில் இருக்கிறது. வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வரும் பாருங்கள், அதில். கேள்வியும் பாட்டு, பதிலும் பாட்டு. ஒருவர் மடக்குவார், ஒருவர் மடங்குவார். யார் ஜெயிப்பார்கள் என்று கூட்டம் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். பாட்டு ஆரம்பித்தபோது இருந்த நிலைமை முடியும்போது இருக்காது. கதை தெரிந்த கதைதான், ஆனால் அந்தக் கால் மணி நேரம் ஒரு வழக்கு நடக்கிறது.

உங்கள் பிரதியை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது பாட்டை எடுத்துக்கொள்வோம். மருமகள் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, "எனக்கு ஊர் ஞாபகமாவே இருக்கு" என்று சொல்கிறாள். சொல்லிவிட்டு, ஊர் ஞாபகமாக இருக்கிறது என்று ஆறு நிமிஷம் பாடுகிறாள். பாடி முடித்துவிட்டு, "என்னமோ போ" என்று எழுந்து உள்ளே போகிறாள். பாட்டி கேட்டது இதைத்தான். வரிகள் நன்றாக இருக்கின்றன, தென்னந்தோப்புக் காற்று பற்றிய அடி எனக்கு ரொம்பப் பிடித்தது. இருந்தாலும் அந்தப் பாட்டைத் தூக்கிவிட்டால் கதையில் ஒரு பள்ளமும் விழாது.

அதே காட்சியில் நாலு பக்கம் தள்ளி நீங்கள் போகிற போக்கில் விட்ட ஒன்று இருக்கிறது. அப்பா போன் செய்து, இந்த வாரம் தண்ணீர் விட மாட்டார்கள் என்று அவளிடம் ரகசியமாகச் சொல்கிறார். மாமியார் பக்கத்தில் நிற்கிறாள். இவள் "ஒண்ணும் இல்லீங்கத்தே" என்று சமாளிக்கிறாள். அங்கே பாடவிடுங்கள். எதையோ மறைக்கத்தான் மனிதர்கள் பாதி நேரம் பாட்டை முணுமுணுக்கிறார்கள். அவள் அரிசி புடைத்துக்கொண்டே சும்மா ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பிக்கட்டும். ஊர்ப் பாட்டாகவே இருக்கட்டும், அந்தத் தென்னந்தோப்பு அடியும் வரட்டும். மாமியார் ஒரு அடியைக் கூடச் சேர்ந்து பாடட்டும். மூன்றாவது அடியில் இவள் குரல் பிசகட்டும். மாமியாருக்குத் தெரிந்துவிடும். முறம் நிற்கும். பாட்டு முடியும்போது வீட்டில் ரகசியம் இல்லை. பாட்டி திரும்ப வந்து கேட்டால், எதுக்குப் பாடுச்சு என்பதற்கு உங்களிடம் பதில் இருக்கும்.

ஐந்தில் மூன்றை வெட்டலாம் என்பது என் எண்ணம். முதல் பாட்டை வெட்டும்போது உங்கள் நண்பர் வருத்தப்படுவார். ஒத்திகையில் உட்கார்ந்து கேட்டால் அவரே வெட்டச் சொல்வார். வெட்டின இடத்தில் புதுசு எழுதவும் அவர் அங்கே இருக்க வேண்டும், அந்தத் தொண்டையைத் தெரிந்திருக்க வேண்டும். நாடக வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே ராத்திரியில் எழுதினார் என்று, அவரிடம் சிறுவனாக நடித்த டி.கே.சண்முகம் தன் நினைவுகளில் சொல்லியிருக்கிறார். அதைச் சுவாமிகளின் மேதைமைக்குச் சாட்சியாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, அபிமன்யுவாக நிற்கப் போகிற பையன் அதே வீட்டில் இருந்தான் என்பது. அவன் எங்கே மூச்சு விடுவான், எந்த எழுத்தில் நாக்கு சுழலும் என்று வாத்தியாருக்குத் தெரியும். யாருக்கு என்று தெரியாமல் எழுதியிருந்தால் ஒரு ராத்திரி போதாது, ஒரு வருஷமும் போதாது.

நான்காவது பாட்டு, புருஷன் பெண்டாட்டி சண்டை. இதில்தான் எனக்கு ஆசை அதிகம், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். நீங்கள் அனுப்பிய பதிவில் இருவருக்கும் ஒரே சுருதி. புருஷன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி முனகுகிறான், பெண் சௌக்கியமாகப் பாடுகிறாள். இப்படி இருந்தால் சண்டையில் யார் ஜெயிப்பார்கள் என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிடும். பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. ராஜாவும் பையன், ராணியும் பையன். அப்புறம் கிட்டப்பா மாதிரி ஆண்கள் உச்சத்தில் பாடினார்கள், பெண் குரலோடு நேருக்கு நேர் நின்றார்கள். (அவர் செங்கோட்டைக்காரர். 1906இல் அவர் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. எல்லைப்புறத்துக்கு இசை நாடகம் அந்நியம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். 1933இல் இறந்தபோது அவருக்கு 27 வயது, உங்களைவிட ஒன்றுதான் கூட.) இன்று மைக் வந்துவிட்டது, ஆண் குரல் கீழே இறங்கிவிட்டது. பெண்ணுக்கு ஐந்து கட்டை, ஆணுக்கு ஒரு கட்டை. இருவரும் ஒரே பாட்டில் சண்டை போட வேண்டும். என்ன செய்வது?

நான் சொன்ன பெட்டிக்காரரை வளர்ந்த பிறகு தேடிப் பிடித்துப் பழகினேன். இதே கேள்வியை ஒருநாள் கேட்டேன். பெட்டியைத் திறந்து, ஐந்து கட்டையை ஷட்ஜமாக, அதாவது 'ஸ'வாக, வைத்துச் சங்கராபரணம் வாசித்தார். "எந்தெந்தக் கட்டைன்னு எண்ணிக்கோங்க" என்றார். ஆறு வெள்ளை, ஒரு கறுப்பு. அப்புறம் அதே ஏழு கட்டைகளை விட்டு நகராமல், ஒரு கட்டைச் சுருதியில் வந்து நின்றார். அதை ஷட்ஜமாக நினைத்துக்கொண்டு ஏறி இறங்கினார். கல்யாணி! கறுப்பு அதே கறுப்பு, வெள்ளை அதே வெள்ளை. சங்கீதக்காரர்கள் இதைக் கிரகபேதம் என்பார்கள். அவருக்கு அந்தப் பெயர் தெரியாது. "பொம்பளையோட மத்திமத்துல ஆம்பளைய நிறுத்தறதுங்க, அவ்வளவுதான்" என்றார். அவளுடைய 'ம'தான் இவனுக்கு 'ஸ'.

அவள் ஐந்து கட்டையில் சங்கராபரணத்தில் கேட்கட்டும், அவன் ஒரு கட்டையில் கல்யாணியில் பதில் சொல்லட்டும். சுருதி மாற்ற வேண்டியதில்லை, பெட்டி ஒரு நொடி நிற்க வேண்டியதில்லை. இருவருக்கும் அவரவர் குரல் நிற்கிற இடத்தில் தெம்பு இருக்கும். ஒரே ஏழு கட்டை, அவளுக்கு ஒரு ராகம், அவனுக்கு ஒரு ராகம். ஒரே ஆற்றுத் தண்ணீருக்காக நடக்கிற சண்டை வேறே!

சரி, தண்ணீருக்கு வந்துவிட்டதால் இன்னொன்று. மணக்கடவில் வருஷத்துக்கு ஏழேகால் டி.எம்.சி. கேரளத்துக்கு விட வேண்டும் என்பது பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம். உங்கள் நாடகத்தில் இந்த எண் ஒரே ஒரு இடத்தில், அதுவும் வசனத்தில் வருகிறது. என்ன அநியாயம்! ஏழு என்றால் மிஸ்ர சாபு தாளம், தகிட தகதிமி என்று தானாக ஓடும். மீதி இருக்கிற அந்தக் காலை என்ன செய்வது என்பதுதான் உங்கள் கதையே. அளவு பார்க்கிற அப்பா ஏழு எண்ணிவிட்டு, கால் எங்கே என்று தேடட்டும். கால் என்றால் நாலில் ஒன்று, கால் என்றால் வாய்க்கால், கால் என்றால் பபூன் நொண்டுகிற கால். பபூனிடம் விட்டுவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது 1970இல், ஆனால் 1958 நவம்பரிலிருந்தே நடைமுறையில் இருப்பதாகக் கணக்கு. கையெழுத்தைவிட ஏறக்குறையப் பன்னிரண்டு வயது மூத்த ஒப்பந்தம். இதைவிட நல்ல பபூன் வசனத்தை நீங்களோ நானோ எழுத முடியாது.

நியூயார்க் பட்டறை பற்றி. 1974 ஜனவரியில் மைக்கேல் பென்னட் என்ற நடன இயக்குநரும் நடனக்காரர்களும் கூடி, இரவெல்லாம் அவரவர் கதையைப் பேசி டேப்பில் பதிந்தார்கள். அதிலிருந்து பட்டறையில் வளர்ந்து 1975இல் மேடையேறியதுதான் 'எ கோரஸ் லைன்'. பிராட்வேயில் அது 1990 வரை ஓடியது. 1943இல் 'ஓக்லஹோமா!' வெளியூரில் சோதனையாக ஓடியபோது அதற்குப் பெயரே வேறு. நியூயார்க் வருவதற்குள் தலைப்பையே மாற்றிவிட்டார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் ஒரு டேப் ரெக்கார்டரும் பேச ஆளும் நம்மிடம் உண்டு. மணக்கடவிலும் மூலத்தறையிலும் போய் உட்கார்ந்து, நிஜமாக அளவு பார்க்கிறவர்களையும் வாய்க்கால் ஓரம் காத்துக்கிடக்கிறவர்களையும் பேசவிட்டீர்களா? பிரதியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

வெளியூர் சோதனைக்கு நம்மிடம் நோம்பிகள் இருக்கின்றன. முழு நாடகத்தையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கோபாலபுரத்தில் ஒரு காட்சி, ஒழலப்பதியில் ஒரு காட்சி, இருபது நிமிஷம் போதும். பாட்டுக்குப் பாட்டு எங்கே எழுந்து போகிறார்கள் என்று பின்னால் நின்று பாருங்கள். நாடகத்தைப் பார்க்காதீர்கள், முதுகுகளைப் பாருங்கள். பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்துக்காரர்கள் கம்பன் பாட்டைப் பாடி இரவெல்லாம் ஆட்டுகிறார்கள், பல ராத்திரிகளில் எதிரே ஒரு ஆள்கூட இருப்பதில்லை. அம்மன் பார்க்கிறாள், அது போதும் அவர்களுக்கு. நமக்குப் போதாது.

கடைசியாக, மலையாள எழுத்தில் எழுதிய தமிழ். இதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்திலேயே பாணர் சமூகத்தார் ஆடுகிற பொறாட்டு நாடகம் இருக்கிறது. அதில் பாட்டு பாதி தமிழ், பாதி மலையாளம், எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாது. திருச்சூரில் அதைப் பாடமாகப் படித்திருப்பீர்கள், ஊரில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்களா என்று தெரியவில்லை. அதில் சோத்யக்காரன் என்று ஒருவர் உண்டு. மேடைக்கு யார் வந்தாலும், நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய் என்று நிறுத்திக் கேட்பதுதான் அவர் வேலை. உங்கள் பாட்டி கீழே இருந்து கேட்டதை அவர்கள் மேலே ஏற்றி ஒரு வேஷமாகவே வைத்துவிட்டார்கள்.

மூத்தவர் சொன்னதை விடுங்கள். அவருக்கு வள்ளி திருமணத்தில் இன்னும் வேஷம் கிடைக்கிறது போலிருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெட்டிக்காரருக்குப் போன் செய்தேன். எண்பது தாண்டிவிட்டார், ஒரு காது மந்தம், விரல் நன்றாக இருக்கிறது என்கிறார். பெட்டியின் துருத்தியை எலி கடித்துவிட்டதாம், அதைப் பொள்ளாச்சியில் கொடுத்துச் சரிசெய்ய ஒரு வாரம் ஆகும். பஸ்ஸில் வருவார், ராத்திரி தங்குவார், சாப்பாட்டில் காரம் ஆகாது. கதை என்ன, எத்தனை பாட்டு, எவ்வளவு தருவீர்கள், எதையும் கேட்கவில்லை. "பொண்ணுக்கு எத்தனை கட்டைங்க?" என்று மட்டும் கேட்டார். ஐந்து என்று நான் சும்மா வைத்துக்கொண்டதுதான், நிஜத்தில் எனக்குத் தெரியாது என்றேன். அந்தப் பெண்ணைப் பாடவைத்துப் பார்த்து எழுதுங்கள்.